அடுப்பு வேண்டாத சால்சா

கண்ணு,

நாளைக்குச் சாமான் வண்டி வருவதற்குள் இதைப் படித்துவிடு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். நேரில் நான் வாயைத் திறந்தாலே "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களாம்மா" என்று எழுந்து போய்விடுகிறாய். நீ எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிற நாளில் நானே பேச்சை மாற்றி எழுந்து போய்விடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் ஆனைமலையில் நீங்கள் இரண்டு பேரும் குடிபோகப் பிடித்திருக்கிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. மாடி வீடு. படிக்கட்டில் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கைப்பிடியே கிடையாது. வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு "வெச்சுக்கலாமுங்க, அதுக்கென்னங்க" என்றார். அவர் சொன்ன தோரணையில் அடுத்த தீபாவளிக்குள் கைப்பிடி வருகிற மாதிரித் தெரியவில்லை. நீ சுவர்ப் பக்கமாகவே ஏறி இறங்கு. குளியலறைக்குப் போனால் உள்ளே தாழ்ப்பாள் போடாதே. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும். அங்கே புதிதாக வருகிறவர்கள் யாராவது திறந்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. கதவுக்கு வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடு. ஆள் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

முதல்முதலாக உனக்கு வலிப்பு வந்தது உனக்கு நினைவிருக்காது. எனக்கு மறக்காது. பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் உங்கப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தாய். நாம் இருக்கிற கணபதியில் அந்தத் தெரு முழுக்கப் பட்டறைதான். ஒரு பட்டறையின் சத்தம் அடுத்த பட்டறைக்குக் கேட்காது. உங்கப்பா லேத்தில் பம்பு சாமான் கடைந்துகொண்டிருந்தார். தூக்குப் போசியை வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே விழுந்தாயாம். ஓடிக்கொண்டிருந்த லேத்துக்கும் உன் தலைக்கும் நடுவில் கை நீட்டுகிற தூரம்கூட இல்லை என்று உங்கப்பா அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். புருவத்தில் இருக்கிற அந்தத் தையல் அன்றைக்குப் போட்டதுதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று உன் கையில் யாரோ பட்டறைச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். நீ அதைப் பிடிக்கக்கூட இல்லை. உன் மார்மேல் கிடந்தது.

அன்றிலிருந்து நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் வேண்டாம் வந்துவிட்டது. பட்டறைக்கு வேண்டாம். கிணற்றில் நீந்தப் போக வேண்டாம். வண்டி ஓட்டப் பழக வேண்டாம். மொட்டை மாடிக்குப் போக வேண்டாம். அடுப்புக்கிட்ட வேண்டவே வேண்டாம். டாக்டர் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரும் உயரமும் நெருப்பும் மிஷினும் கவனம் என்றுதான் சொன்னார். அவர் கவனம் என்று சொன்னதெல்லாம் வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. நீ குளிக்கும்போது வெளியே உட்கார்ந்துகொண்டு உன்னைப் பேசச் சொல்வேன். மீசை முளைத்த பையன் குளியலறைக்குள்ளிருந்து அம்மாவிடம் என்ன பேசுவான்? சலித்துப்போய்த் தண்ணீர் மொள்ளும் மக்கால் வாளியைத் தட்ட ஆரம்பித்தாய். அந்தத் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், நான் கதவைத் தள்ளிவிடுவேன். ஒருநாள் கோபத்தில் நீ வேண்டுமென்றே தட்டாமல் இருந்ததும், நான் கத்திக்கொண்டு உள்ளே வந்ததும், சோப்பு நுரையோடு நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதும் உனக்கு நினைவிருக்கும்.

நீ கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும்போது நம் தெருவில் கேபிள் டி.வி. வந்தது. எல்லாரும் கிரிக்கெட் பார்த்தார்கள், நீ ஒரு வெளிநாட்டுக்காரன் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் சமையலறைக்கு ஓடி வந்தாய். "அம்மா, இதுக்கு அடுப்பே வேண்டாங்மா. மாம்பழத்தப் பொடிசா வெட்டி, வெங்காயம், மிளகா, எலுமிச்சை எல்லாம் போட்டுக் கலக்கிடறாங்க. சால்சான்னு பேரு" என்றாய். அப்போது நம் வீட்டில் உன் அத்தை இருந்தார்கள். அவர்கள் காதில் அது சால்னா என்று விழுந்திருக்கிறது. "ஏன்டா, அடுப்பில்லாமச் சால்னாவா? கறி வேகறது எப்படிடா?" என்று கேட்டார்கள். நீயும் நானும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. சிரித்து முடித்தவுடனேயே நீ கத்தியை எடுத்தாய். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"நான் வெட்டித் தாரேன், நீ கலக்கு" என்றேன். "வெட்டறதுதாங்மா இதுல வேலையே" என்றாய். அடுப்பை நினைத்துப் பயந்த அதே பயம் இப்போது கத்தி மேல் வந்து உட்கார்ந்தது. வெட்டும்போது வந்துவிட்டால்? கத்தி மேலேயே விழுந்துவிட்டால்? உங்கப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று உன் கையையும் கத்தியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காந்து வெட்டச் சொல்லு. கீழ விழ எடமில்லைல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படித்தான் நீ சமையலறைத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, பலகையை முன்னால் வைத்து, சின்னக் கத்தியால் வெட்டக் கற்றுக்கொண்டாய். நான் எதிரில் உட்கார்ந்து உன் கையைப் பார்க்காமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வருவதற்கு முன்னால் உன் வலது கண்ணோரம் லேசாகத் துடிக்கும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் செய்தது யாருக்கும் பிடிக்கவில்லை. நன்றாகப் பழுத்த மாம்பழத்தைப் போட்டுவிட்டாய், கொழகொழவென்று கூழாகிவிட்டது. உப்பை முதலிலேயே போட்டதால் தண்ணீர் விட்டுக்கொண்டது. அப்புறம் நீயாகவே சரிசெய்துகொண்டே போனாய். கிளிமூக்கு மாங்காயில் மஞ்சளோடி இன்னும் கெட்டியாக இருக்கிற செங்காயாகப் பொறுக்கி எடுப்பாய். பெரிய வெங்காயத்தின் காரம் பழத்தை அமுக்கிவிடுகிறது என்று நம்ம ஊர்ச் சின்ன வெங்காயத்துக்கு மாறினாய். அதையும் நறுக்கி உப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போடுவாய். தக்காளியில் விதையை வழித்துவிட்டுச் சதையை மட்டும். அன்னாசி கிடைத்தால் அதில் கொஞ்சம். பச்சை மிளகாயைக் கீறி விதையைத் தட்டிவிட்டுப் பொடியாக. எல்லாம் ஒரே அளவுத் துண்டாக இருக்க வேண்டும். ஒரு கரண்டியில் எல்லா ருசியும் வர வேண்டுமாம். கொத்தமல்லித் தழை, எலுமிச்சம்பழச் சாறு, மாங்காய் புளித்தால் ஒரு கிள்ளு நாட்டுச் சர்க்கரை. உப்பு கடைசியில். கலந்து மூடிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மொறுமொறுப்பான தட்டுவடை மேல் வைத்துக் கொடுப்பாய். உங்கப்பா முதலில் "இது ஊறுகாயா, பழமா, ஒன்னும் புரியலயே" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பிறகு மாங்காய்க் காலம் வந்தால் பட்டறையிலிருந்து வரும்போது அவரே காய் வாங்கிவர ஆரம்பித்தார். இதையெல்லாம் நீ அடுப்பில்லாத ஒரு மூலையில் உட்கார்ந்து செய்தாய். நான் ஒவ்வொரு தடவையும் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

படிப்பு முடிந்தது. இரண்டு மூன்று பட்டறைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாத்திரை ஒத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உனக்கு ஒன்றும் வராமல் இருந்தது. கல்யாணப் பேச்சு வந்தது. எனக்கு அப்போது வந்த பயம் வேறு. சொல்வதா, வேண்டாமா? உன் அத்தை சொல்லவே கூடாது என்றார்கள். "வந்து எத்தன வருஷம் ஆச்சு? இல்லாத நோவ எதுக்கு நாமளே இழுத்து ஊட்டுக்குள்ள உடறது? நிச்சயம் ஆகட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றார்கள். எனக்கு அத்தை சொன்னது சரி என்றும் தோன்றியது, பிற்பாடு தெரிந்து அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் "சொல்லிப்போட்டுத்தான் மத்ததெல்லாம்" என்றாய். "சரி, நாங்க பார்த்துச் சொல்றோம். நீ வாயத் திறக்காத" என்று உன்னிடம் கெஞ்சி வைத்தேன்.

நாம் போய்ச் சுமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவர்கள் வீட்டிலிருந்து நம் வீடு பார்க்க வந்தார்கள். சுமதியின் அப்பா, அம்மா, அண்ணன், மூன்று பேர். மாங்காய்க் காலம். என்ன பலகாரம் செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். வந்தவர்கள் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் சுமதியின் அம்மா உள்ளே வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, நானும் ஒரு கை பார்க்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்தார்கள். "அட, தம்பீங்களா வெட்டறீங்க? பரவால்லீங்களே! எங்கூட்டு ஆம்பளைங்க தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டாங்க" என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த கொத்தமல்லித் தழையை வாங்கி ஆய ஆரம்பித்தார்கள்.

எனக்கு உயிர் வந்தது. "அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே சமையல்னா ஆசைங்க" என்றேன்.

நீ கத்தியைப் பலகையில் வைத்தாய். "ஆசை அப்பறந்தானுங்க வந்துச்சு" என்றாய். "எனக்கு வலிப்பு இருக்குதுங்க. தெனமும் மாத்திரை சாப்பிடறேன். கடைசியா வந்து சில வருஷம் ஆச்சு. ஆனா இனி வரவே வராதுன்னு டாக்டர் சொல்லலீங்க. அடுப்புக்கிட்டப் போனா அம்மாவுக்குப் பயம். அதனால அடுப்பில்லாமச் செய்யறத மட்டும் கத்துக்கிட்டேனுங்க."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. மளிகைக் கடையில் என்ன வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாய். அந்தம்மா கையில் தழையோடு அப்படியே நின்றார்கள். பிறகு பலகையைப் பார்த்தார்கள். "இதுக்கு உப்புப் போட்டாச்சுங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, கடைசிலதானுங்க போடணும்" என்றாய். அவர்களே தட்டுகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள்.

கூடத்தில் இருந்த யாருக்கும் உள்ளே நடந்தது தெரியாது. சுமதியின் அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மாங்காய்ல இப்படி ஒரு சங்கதி இருக்குதுன்னு தெரியாமப் போச்சுங்களே" என்றார். சுமதியின் அம்மா தட்டுவடையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குப் போகவே இல்லை. கிளம்பும்போது "போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் உன் அத்தை கையைத் தட்டி, "ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாருல்ல, கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்" என்றார்கள். நான் சமையலறைக்குள் போய் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "உன் வாழ்க்கைய உன் வாயாலயே கெடுத்துப்போட்டயேடா" என்று கத்தினேன். நீ பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாய். உங்கப்பா எல்லாவற்றையும் கேட்டார். "சொல்லியாச்சு. இனி அவங்க யோசிக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பட்டறையைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நான் தேடிக்கொண்டு போனபோது லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் சாமான் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு தகவலும் வரவில்லை. நான் உன்னோடு சரியாகப் பேசவும் இல்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்ப்பேன். வேண்டாம் என்று சொல்லியனுப்பினால்கூடப் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லிவிடுவார்களோ, இனி எந்த வீட்டுக்கும் போய்க் கேட்க முடியாதோ என்று அந்தப் பயம் வேறு. இந்த நிலையில்தான் ஒரு நாள் மத்தியானம், நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சுமதியும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். பெண் பார்க்க நாம் போனபோது தலையைக் குனிந்துகொண்டு காப்பி கொடுத்த பெண், அன்றைக்கு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இவ உங்ககிட்டத்தான் பேசோணும்னாளுங்க" என்றார்கள் அவள் அம்மா.

"வந்தா எப்படி இருக்கும்னு சொல்லுங்க. மறைக்காமச் சொல்லுங்க" என்றாள்.

அதுவரை யாரிடமும் நான் அதை முழுசாகச் சொன்னதில்லை. உன் கண் எப்படி மேலே போகும், கை எப்படி முறுக்கும், நுரை வரும், சில சமயம் துணி நனைந்துவிடும், முடிந்ததும் யார் என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் பார்ப்பாய் என்று எல்லாம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனால் அடுத்து, "நான் என்ன செய்யோணுமுங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் இருக்கிற கூரான சாமானைத் தள்ளிவிடு, ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கு மெத்தென்று எதையாவது வை, அழுத்திப் பிடிக்காதே, வாயில் ஒன்றும் திணிக்காதே, தண்ணீர் கொடுக்காதே, கடிகாரத்தைப் பார், அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணுக்கு வந்துச்சுங்க" என்றாள் சுமதி. "டீச்சரா வேலைக்குச் சேர்ந்த புதுசு. நான் பயந்துபோயி வகுப்ப உட்டு வெளிய ஓடிட்டேன். மத்த புள்ளைங்கதான் அவளப் பார்த்துக்கிச்சுங்க. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." தன் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கு இப்பவும் பயந்தானுங்க. ஆனா இவரு எங்கம்மாகிட்ட நேராச் சொன்னாருல்லீங்க. அந்த மாதிரி ஒருத்தரோட இருக்க முடியும்னு தோணுது. ஒன்னே ஒன்னுங்க அத்தை. மாத்திரை சாப்பிட்டயா, சாப்பிட்டயான்னு நான் கேட்டுட்டு இருக்க மாட்டேன். அது அவரு வேலை. நான் நர்ஸா வரலீங்க" என்றாள்.

என்னை அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தைக்கூட அந்தக் கடைசிப் பேச்சு அமுக்கிவிட்டது. என்ன பெண் இவள் என்று நினைத்தேன். காலையும் மாலையும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்க்காமல் நான் ஒருநாள்கூட இருந்ததில்லை. தை மாதம் உங்கள் கல்யாணம் நடந்தபோது, மேடையில் புகையும் வெளிச்சமும் பட்டு உனக்கு வந்துவிடுமோ என்று நான் தாலி கட்டுவதைப் பார்க்கவே இல்லை. உன் கண்ணோரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் பார்த்துத்தான் சுமதி அன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் மாத்திரை அட்டை உங்கள் அறைக்குப் போய்விட்டது, உள்ளே வந்து எடுத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

இந்த மாங்காய்க் காலத்தில், என்னைத் தவிர எல்லாரும் மறந்தே போயிருந்த நேரத்தில், அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நீ தரையில் உட்கார்ந்து அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தாய். சுமதி வாசற்படியில் சாய்ந்து நின்று உன்னோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து நான் உன் எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை. தோசைக்கல்லில் கவனமாக இருந்தேன். பலகை தட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எது வரும் வரும் என்று காத்திருந்தேனோ அது வந்தபோது, எல்லாம் தெரிந்த நான், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். சுமதிதான் வந்தாள். காலாலேயே கத்தியைத் தள்ளிவிட்டாள். முந்தானையைச் சுருட்டி உன் தலைக்கடியில் கொடுத்து, உன்னைத் தன் பக்கமாக ஒருக்களித்துப் பிடித்தாள். "அத்தை, அடுப்ப அணைங்க. மணி பாருங்க" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முள் நகர்ந்ததே தெரியவில்லை. அப்புறம் உன் கை தளர்ந்தது. மூச்சு சீரானது. உன் முழங்கையில் அன்னாசிச் சாறு ஒட்டியிருந்தது, ஒரு கீறல்கூட இல்லை.

நீ முழுசாகத் தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும், நானாகக் கேட்பதற்கு முன்னால் நீயே சொன்னாய். "ரெண்டு நாளா மாத்திரை சாப்பிடலீங்மா. தீந்துபோச்சு. நாளைக்கு வாங்கிக்கலாம், நாளைக்கு வாங்கிக்கலாம்னு உட்டுட்டேன்." எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, உன் பக்கம் திரும்பாமல் சுமதி பக்கம் திரும்பினேன். "ஒரு வார்த்த கேட்டிருந்தாக் கொறஞ்சா போயிருப்பே, அம்மணி?" என்றேன். அவள் துண்டை எடுத்தாள். உன் தலையைத் துடைத்துவிட்டு, பின்கட்டில் குழாயடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது வெறும் பலகையை வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். "கேட்டிருக்கலாம்தானுங்க அத்தை. இன்னைக்கு அவரப் புடிச்சுட்டு இருக்கும்போது அதயேதான் நெனச்சேன்" என்றாள். "ஆனா தெனமும் அவரு கண்ணப் பார்த்துட்டே நான் பேசினா, அவரு எங்கிட்டப் பேசுவாருங்களா?" என்றாள்.

குளியலறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற பையன் அப்புறம் எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தான் என்று எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு அந்தப் பலகையைக் கழுவினேன். நாங்கள் உள்ளே வந்தபோது நீ சட்டை போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். உடம்பு தள்ளாடியது. உங்கப்பா செருப்பை மாட்டிக்கொண்டு உன்னோடு நடந்தார். நீயே டாக்டரிடம் போனாய், நடந்ததை நீயே சொன்னாய், அவர் திட்டியதை நீயே வந்து எங்களிடம் சொன்னாய். சுமதிக்கு ஆனைமலைப் பக்கம் மாற்றல் வந்ததும், பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் உனக்குக் கணக்கு வேலை கிடைத்ததும் இதற்கு அடுத்த மாதம்தான். கொஞ்ச நாள் கழித்துப் போகலாமே என்று நான் சொன்னேன். "எப்பப் போனாலும் நீங்க பயப்படத்தாங்மா போறீங்க" என்றாய். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். உண்மையும் அதுதான்.

சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடு. பொள்ளாச்சியில் கிடைக்கும், விசாரித்துவிட்டேன். ஆழியாற்றுக்கு மண்டியிலிருந்து யாராவது குளிக்கக் கூப்பிட்டால் கரையிலேயே உட்கார்ந்திரு. ஏன் என்று கேட்டால் சொல்லிவிடு, உனக்குத்தான் சொல்வதில் கூச்சம் இல்லையே. மண்டியில் முதலாளிக்கும் பக்கத்தில் உட்கார்கிறவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லி வை. ராத்திரி கண் விழிக்காதே. பட்டினி கிடக்காதே. சுமதி களைத்து வருகிற நாளில் அவளுக்கு முன்னால் நீ வீட்டுக்கு வந்துவிட்டால் எதையாவது வெட்டிக் கலந்து வை. அந்தப் பக்கம் நல்ல பப்பாளியும் அன்னாசியும் கிடைக்கும். மாங்காய்தான் வேண்டும் என்றில்லை. தரையில் உட்கார்ந்து வெட்டு.

கடைசியாக ஒன்று. உங்களோடு வந்து ஒரு மாதம் இருப்பதாக நான் சொல்லியிருந்தேன். நீங்கள் இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நேற்றுக் காலை என் பையில் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சுமதி வந்தாள். "அத்தை, நீங்க ரூம்ல படுத்துக்குங்க. கதவச் சாத்துனாக் கொசு வராது. நாங்க முன்னால ஹால்ல படுத்துக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டு, என் தலையணைக்கு நல்ல உறையாகப் பார்த்து எடுத்துப் போட ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அந்தத் தலையணைக்கு அவள் உறை போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அந்த அறையில் படுத்துக்கொண்டு, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் உன் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று விடிய விடியக் காதை வைத்துக்கொண்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டு மெதுவாகப் பேசுவீர்கள்.

பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இதை எழுதும்போதும் நீ பக்கத்து அறையில் அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டுகிற சத்தம் நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. ஆனால் பையைப் பிரித்துச் சேலைகளை மறுபடியும் பீரோவில் அடுக்கிவிட்டேன். நாளைக்கு வண்டியில் நான் ஏறப்போவதில்லை. சுமதியிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்லிவிடு.

அம்மா